மூலிகை டீ, பீர், தபால்துறை... அமெரிக்க சைக்கிள் பந்தயத்துக்கு யார் யார் உபயம்?

கோயில் கொடை விழாவில் கட்டியிருக்கும் டியூப்லைட்டைக் கவனித்திருப்பீர்கள். ‘உபயம்: இன்னார்’ என்று கொட்டை எழுத்தில் பெயின்ட் அடித்து, பாதி வெளிச்சத்தை அந்தப் பெயரே மறைத்துவிடும். தென் மாவட்டங்களில் நடக்கும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்திலும் இதே கதைதான். வண்டி ஓட்டுபவரின் பெயரைவிட, முதல் பரிசு கொடுத்தவரின் பெயர்தான் மைக்கில் அதிக தடவை ஒலிக்கும்.

உபயதாரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கொடுக்கும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது. அது சைக்கிள் பந்தயம். அங்கே பெரும்பாலான டீம்களுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, நாட்டுப் பெயர் கிடையாது. பணம் போடும் கம்பெனியின் பெயர்தான் டீமின் பெயர். பல இடங்களில் பந்தயத்தின் பெயரும் அதுவே. இந்த வழக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்கா. ஒரு மூலிகை டீயின் பெயரில் தொடங்கி, பீர், மளிகைக் கடை, கட்டட முதலாளி, ரசாயனக் கம்பெனி, தபால்துறை என்று போன அந்த 50 ஆண்டுக் கதையில், இப்போது இந்தியாவுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

திருச்செந்தூரில் நிற்காத பந்தயம்

முதலில் ‘ஸ்டேஜ் ரேஸ்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ. முள்ளக்காடு, முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று நின்று நின்று வரும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். உலகத் தரமான சைக்கிள் வீரர்கள் கூட்டமாக மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் திருச்செந்தூரில் நிற்கப்போவதில்லை. ஒரு நாளைக்கு 150 முதல் 200 கி.மீ. வரை ஓட்ட வேண்டும். மறுநாள் காலையில் வேறோர் ஊரிலிருந்து மறுபடியும் கிளம்ப வேண்டும். ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில் இப்படி 21 கட்டங்கள், 3,000 கி.மீ.க்கும் மேல்.

ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருடைய மொத்த நேரம் குறைவோ அவரே சாம்பியன். அதனால் ஒரு நாள்கூட முதலில் வராமலேயே முழுப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990 டூர் டி பிரான்ஸை அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அப்படித்தான் வென்றார்.

சைக்கிளை ஒருவர் ஒற்றையாகத்தானே மிதிக்கிறார், டீம் எதற்கு? ஆடிக் காற்றில் உப்பளத்து ரோட்டில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் பதில் தெரியும். காற்றை எதிர்த்து மிதிப்பதுதான் பாதி வேலை. முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொண்டு போனால், பின்னால் ஒட்டி வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். பக்கவாட்டில் காற்று அடித்தால் வீரர்கள் பறவைக் கூட்டம்போல ரோட்டின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவார்கள். எனவே டீமில் ஒருவர் தலைவர். மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வாங்குபவர்கள், காரிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வந்து கொடுப்பவர்கள், அவர் சைக்கிள் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பவர்கள். பரிசுப் பணத்தைத் தலைவர் டீமோடு பங்கு போடுவது வழக்கம்.

இந்த உழைப்புக்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பது? கிரிக்கெட் மைதானத்துக்கு டிக்கெட் உண்டு. சைக்கிள் பந்தயம் நடப்பது பொது ரோட்டில். திருச்செந்தூருக்கு பாதயாத்திரை வரும் பக்தர்களை ரோட்டோரம் நின்று பார்ப்பதுபோல, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். வாசலில் வசூல் கிடையாது. அதனால் உபயதாரர் இல்லாமல் ஒரு சக்கரமும் சுழலாது. 1903-ல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியதே ‘லோட்டோ’ என்ற பிரெஞ்சு நாளிதழ்தான். நோக்கம், பேப்பர் விற்க வேண்டும்.

டீயில் தொடங்கி பீரில் வளர்ந்தது

அமெரிக்காவில் 1975-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஒரு பந்தயம் தொடங்கியது. ‘செலஸ்டியல் சீசனிங்ஸ்’ என்ற மூலிகை டீ கம்பெனியை நடத்திய மோ சீகல், தன் கம்பெனியின் ‘ரெட் ஸிங்கர்’ டீயின் பெயரையே பந்தயத்துக்கும் வைத்தார். ‘ரெட் ஸிங்கர் பைசைக்கிள் கிளாசிக்’ என்று 1979 வரை நடந்தது.

1980-ல் பந்தயம் கைமாறியது. மைக்கேல் ஐஸ்னர் அதை நடத்தத் தொடங்க, கொலராடோவின் பீர் கம்பெனியான ‘கூர்ஸ்’ பணம் போட்டது. பெயர் ‘கூர்ஸ் கிளாசிக்’ ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் கொலராடோ மலைகளைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்கும், ஹவாய் தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடந்தது. 1981-ல் ஒலிம்பிக் சாம்பியனான சோவியத் வீரர் செர்கெய் சுகோருசென்கோவைத் தோற்கடித்து இளைஞர் கிரெக் லெமாண்ட் இங்கே ஜெயித்தபோது, ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. ‘அமெரிக்கன் ஃப்ளையர்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்துக்குக்கூட இந்தப் பந்தயத்தில் படப்பிடிப்பு நடந்தது.

1988-டன் கூர்ஸ் விலகியது. பந்தயமும் முடிந்தது. டீ காலத்தையும் பீர் காலத்தையும் சேர்த்துக் கூட்டினால் 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டுகள் என்ன செய்தன என்பதற்கு ஒரு பஞ்சாபி குடும்பமே சாட்சி.

பஞ்சாபி அப்பாவின் தங்க மகன்

கொலராடோவின் ஆஸ்பென் நகரில் 1960-ல் பிறந்தவர் அலெக்ஸி கிரெவால். அப்பா ஜஸ்ஜித் சிங் கிரெவால், இந்தியாவிலிருந்து குடியேறிய சீக்கியர். பனியும் மலையுமான அந்த மாநிலத்தில் வளர்ந்த அலெக்ஸிக்கு, உலகத் தரமான பந்தயம் வீட்டு வாசலிலேயே நடந்தது. பெரிய வீரர்களோடு மோதிப் பார்க்க ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த கூர்ஸ் கிளாசிக்கில் அவர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தடை நீங்கி, கடைசி நேரத்தில் ஒலிம்பிக் வாய்ப்பு திரும்பக் கிடைத்தது. ஜூலை 29-ம் தேதி, 190 கி.மீ. பந்தயம். தனியாகப் பிரிந்து முன்னால் போன கிரெவாலை, கனடாவின் ஸ்டீவ் பாயர் எட்டிப் பிடித்துவிட்டார். இருவரும் சேர்ந்தே எல்லைக்கோட்டுக்கு வந்தார்கள். கடைசி சில மீட்டர்களில் கிரெவால் முந்தினார். ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற முதல் அமெரிக்க ஆண், பஞ்சாபி அப்பாவின் மகன்.

அதே நாளில் இன்னொரு சரித்திரமும் நடந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். தங்கம் கோனி கார்பென்டருக்கு, வெள்ளி ரெபெக்கா ட்விக்குக்கு. இருவருமே அமெரிக்கர்கள். சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போட்டி கொஞ்சம் குறைந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், சைக்கிளில் பெயர் சொல்ல ஆள் இல்லாத ஒரு நாடு ஒரே நாளில் இரண்டு சாலைத் தங்கங்களை எடுத்தது திடீர் அதிர்ஷ்டத்தால் அல்ல. ஒன்பது ஆண்டுகளாக உள்ளூரில் விடாமல் நடந்த பந்தயம் அதற்குப் பின்னால் இருந்தது.

மளிகைக் கடை டீம்

பந்தயம் வந்தது. அடுத்து டீம் வேண்டும். 1981-ல் ஜிம் ஓகோவிச் என்பவர் ‘செவன் லெவன்’ கடைகளின் பணத்தில் ஒரு டீமைத் தொடங்கினார். பாலும் ரொட்டியும் சிப்ஸும் விற்கும் அந்தக் கடைகளில் ஒன்று, 2021-ல் ரிலையன்ஸ் மூலம் மும்பைக்கும் வந்தது. டீமுக்கு முதல் முகமாக வந்தவர் எரிக் ஹைடன். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வேகப் போட்டிகளில் ஐந்து தங்கம் வென்றவர். பனியில் சறுக்கிய கால்கள் அப்படியே பெடலுக்கு மாறின!

1986-ல் இந்த டீம் டூர் டி பிரான்ஸுக்குப் போனது. அங்கே போன முதல் அமெரிக்க டீம் இதுதான். 10 பேர் கொண்ட அந்த டீமில் கிரெவாலும் இருந்தார். முதல் நாள் காலை நடந்த 85 கி.மீ. கட்டத்தில் அலெக்ஸ் ஸ்டீடா என்ற கனடா வீரர் யாரும் எதிர்பாராமல் தனியாக ஓடி, முன்னிலையில் இருப்பவருக்குக் கொடுக்கும் மஞ்சள் ஜெர்சியை வாங்கிவிட்டார். வட அமெரிக்கர் ஒருவர் அதை அணிந்தது அதுதான் முதல் தடவை. கொண்டாட்டம் மதியம் வரைதான். மதியம் டீமாகச் சேர்ந்து ஓட்டும் கட்டத்தில் வீரர்கள் விழுந்து எழ, களைத்துப்போன ஸ்டீடா பின்தங்க, சாயங்காலத்துக்குள் மஞ்சள் ஜெர்சி பறிபோனது. மறுநாளே அதே டீமின் டேவிஸ் ஃபின்னி அன்றைய கட்டத்தை வென்று மானத்தைக் காப்பாற்றினார்.

அந்த ஆண்டு முழுப் பந்தயத்தையும் ஜெயித்தவர் கிரெக் லெமாண்ட். ஆனால் அவர் ஓட்டியது ‘லா வி கிளேர்’ என்ற பிரெஞ்சு டீமுக்கு. அடுத்த ஆண்டு வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகப் பாய்ந்த குண்டுகளால் சாவின் விளிம்புக்குப் போனார். மீண்டு வந்து 1989 டூரை வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். 3,000 கி.மீ.க்கு மேல் ஓட்டி, 8 விநாடி!

செவன் லெவன் டீமின் பெரிய நாள் 1988 ஜூன் 5. இத்தாலியின் ‘ஜிரோ’ பந்தயம் காவியா என்ற மலைக் கணவாயைக் கடக்க வேண்டும். மேலே கடும் பனி பொழியும் என்று முன்பே தெரிந்துகொண்ட டீம் நிர்வாகம், பனிச்சறுக்கு சாமான் விற்கும் கடைகளில் கையுறையும் கம்பளி உடையும் வாங்கிக் குவித்தது. மற்ற டீம் வீரர்கள் விரல் விறைத்து நடுங்கியபோது, ஆண்டி ஹாம்ப்ஸ்டன் உறைபனியில் இறங்கி வந்து பிங்க் ஜெர்சியைப் பிடித்தார். அந்த ஆண்டு ஜிரோவை ஜெயித்தார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து அந்தப் பந்தயத்தை வென்ற முதல் மனிதர் அவரே. டீம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தக் கையுறைகள் போதும்.

டிரம்ப் பெயரிலும் ஒரு பந்தயம்

கூர்ஸ் போன இடத்துக்கு 1989-ல் வந்தது ‘டூர் டி டிரம்ப்’. ஆம், அதே டொனால்ட் டிரம்ப்தான்! அப்போது அவர் கட்டட முதலாளி, அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்ட ஹோட்டல்கள் வைத்திருந்தவர். கூடைப்பந்து வர்ணனையாளர் பில்லி பேக்கர் ‘டூர் டி ஜெர்சி’ என்ற பெயரில் யோசித்திருந்த பந்தயம், பணம் போட டிரம்ப் வந்ததும் பெயர் மாறியது.

முதல் ஆண்டே வேடிக்கை. கடைசி நாள் அட்லாண்டிக் சிட்டியில், முன்னிலையில் இருந்த பெல்ஜியத்தின் எரிக் வாண்டராட்டன் முன்னால் போன வண்டியைப் பின்தொடர்ந்து தவறான பாதையில் திரும்பிவிட்டார். அதனால் இழந்த நேரத்தில் பந்தயமும் போனது. செவன் லெவன் டீமின் நார்வே வீரர் டாக் ஓட்டோ லௌரிட்சன் ஜெயித்தார்.

இரண்டே ஆண்டுகளில் டிரம்ப் விலகினார். அடுத்து ரசாயனக் கம்பெனி ‘டியூபாண்ட்’ வந்தது. 1991 முதல் 1996 வரை ‘டூர் டியூபாண்ட்’. டியூபாண்ட் போனதும் அதுவும் நின்றது. இதற்கிடையே செவன் லெவன் டீம் 1991-ல் ‘மோட்டரோலா’ ஆனது. 1996-டன் அந்தப் பெயரும் முடிந்தது.

தபால்துறையின் நீல ஜெர்சி

அமெரிக்க அரசின் தபால்துறை 1996-ல் ஒரு டீமுக்கு உபயதாரராக வந்தது. நம் ஊர் அஞ்சல் துறை ஒரு சைக்கிள் டீமை ஐரோப்பாவுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். அந்த டீமின் தலைவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். புற்றுநோயிலிருந்து மீண்டவர். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் டி பிரான்ஸ். முதல் ஆறும் தபால்துறை ஜெர்சியில். உலகமே கொண்டாடியது.

2012-ல் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அந்த டீமுக்குள் நடந்ததை அறிக்கையாக வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் ஆம்ஸ்ட்ராங்கே ஒப்புக்கொண்டார். முன்னாள் சக வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸ் தொடங்கிய வழக்கில், ‘எங்கள் பணத்தை ஏமாற்றி வாங்கினார்’ என்று அமெரிக்க அரசும் சேர்ந்துகொண்டது. 2018-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து ஆம்ஸ்ட்ராங் அந்த வழக்கை முடித்துக்கொண்டார். லாண்டிஸும் யோக்கியர் அல்ல. 2006-ல் அவர் வென்ற டூர் பட்டமும் ஊக்கமருந்தால் பறிபோனதுதான். இன்றைக்கு டூர் டி பிரான்ஸின் ஆண்கள் சாம்பியன் பட்டியலில் மிஞ்சியிருக்கும் ஒரே அமெரிக்கப் பெயர் லெமாண்ட்.

மிதிப்பவரின் வெற்றியைத் தன் பெயராக நினைத்த உபயதாரருக்கு, அவருடைய கறையும் தன் பெயரிலேயே வந்து சேர்ந்தது.

இதற்கிடையே 2006-ல் ‘டூர் ஆஃப் கலிஃபோர்னியா’ வந்தது. உபயம் ‘ஆம்ஜென்’ என்ற மருந்துக் கம்பெனி. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக ‘ஈபிஓ’ மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது இதே கம்பெனிதான். அந்த மருந்தைத்தான் சைக்கிள் வீரர்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜனைக் கூட்டக் குறுக்குவழியாகப் பயன்படுத்தினார்கள் என்பது காலத்தின் கிண்டல். 2019-ல் இந்தப் பந்தயத்தை 20 வயது ஸ்லோவேனிய இளைஞர் ஒருவர் ஜெயித்தார். பெயர் டாடே போகாச்சார். பின்னாளில் டூர் டி பிரான்ஸையே ஆளப்போகிறவர். அவர் ஜெயித்ததே அந்தப் பந்தயத்தின் கடைசி ஆண்டாகவும் ஆனது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினார்கள். 2011-ல் கொலராடோவில் புதிதாகத் தொடங்கிய பந்தயமும் 2015-லேயே முடிந்திருந்தது.

அமெரிக்க டீம்கள் இன்றும் ஐரோப்பாவில் ஓட்டுகின்றன. ஆனால் ஆண்களுக்கான உலகின் முதல்நிலைப் பந்தய வரிசையில் அமெரிக்க மண்ணில் நடக்கும் பல நாள் பந்தயம் ஒன்றுகூட இல்லை.

நம் ரோட்டில் என்ன நடக்கிறது?

2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் ‘பஜாஜ் புனே கிராண்ட் டூர்’ நடந்தது. சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் 2.2 வகுப்பில் இந்தியாவின் முதல் பந்தயம். முதலில் உள்ள ‘2’ என்றால் பல நாள் பந்தயம் என்று பொருள், அடுத்த எண் அதன் தரநிலை. நான்கு கட்டங்கள், 437 கி.மீ. இதற்காக மாவட்டம் முழுக்க ரோடுகளைச் சீர்செய்தார்கள். வெளிநாட்டு டீம்கள் வந்தன. பெயரின் முதல் சொல் வழக்கம்போல உபயதாரருடையது.

அதற்கு முன்பே, 2008 முதல் நம் நீலகிரியைச் சுற்றி ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ நடந்துவருகிறது. கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு என்று மூன்று மாநில மலைப்பாதைகளில் பல நாள் பயணம். இது முழுப் பந்தயம் அல்ல. நடுவே சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடுவார்கள். கலந்துகொள்பவர்களே கட்டணம் கட்டி வருகிறார்கள். ஒரே பெரிய கம்பெனியை மட்டும் நம்பியிராத ஏற்பாடு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இன்னும் பக்கத்தில் வந்தால், ஒவ்வோர் ஆண்டும் அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தூத்துக்குடி உட்பட மாவட்டந்தோறும் நடத்தும் சைக்கிள் போட்டி இருக்கிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவுகள். மாணவர்களுக்கு 15 அல்லது 20 கி.மீ., மாணவிகளுக்கு 10 அல்லது 15 கி.மீ. கியர் இல்லாத, இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள் போதும். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும்போது கிடைத்த விலையில்லா சைக்கிளிலேயே ஒரு மாணவி வந்து ஜெயித்துவிட்டுப் போகலாம். ரோட்டுப் பந்தயத்தின் முதல் படி இங்கே வீட்டுக்கு வீடு நிற்கிறது.

சிக்கல் அதற்கு மேல்தான். 17 வயதில் 20 கி.மீ. ஜெயித்த பிள்ளைக்கு அடுத்து என்ன? 40 கி.மீ., 80 கி.மீ., இரண்டு நாள் பந்தயம் என்று நடுவில் படிகள் இல்லாவிட்டால், கீழ்ப்படியில் நிற்பவருக்கு புனே வெறும் டிவி காட்சி. வீட்டில் ‘பந்தயமெல்லாம் போதும், படிக்கிற வழியைப் பாரு’ என்று சொல்வதிலும் நியாயம் வந்துவிடும்.

அமெரிக்கக் கதையில் இதற்கு விடை இருக்கிறது. ரெட் ஸிங்கர் டீயை இங்கே யாருக்கும் தெரியாது. கூர்ஸ் பீரும் தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு பெயர்களிலும் 14 ஆண்டுகள் இடைவிடாமல் ஒரே பகுதியில் பந்தயம் நடந்தது. ஆஸ்பென் பையன் ஒருவன் வருடாவருடம் அதில் மோதிப் பார்க்க முடிந்தது. பிறகு பெரிய பணத்தோடு வந்த டிரம்ப்பின் பந்தயம் இரண்டே ஆண்டு. அதற்குள் ஒரு பள்ளி மாணவர் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

புனே பந்தயத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. முதல் ஆண்டு எத்தனை கோடி செலவானது என்பது செய்தி. பத்தாவது ஆண்டும் நடக்குமா, அதற்குள் அண்ணா போட்டியிலிருந்து அங்கே போய்ச் சேர மாவட்டம், மாநிலம் என்று படிகள் வந்திருக்குமா என்பதுதான் பெற்றோரும் பி.டி. வாத்தியாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அண்ணா பிறந்தநாள் செப்டம்பர் 15. போட்டி அதையொட்டி வரும். அறிவிப்பு மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலிருந்து பள்ளிகளுக்கு வந்துவிடும். கலந்துகொள்ள நினைப்பவர்கள் ஆகஸ்ட்டிலேயே செயினுக்கு எண்ணெய் போட்டு, டயரில் காற்றைச் சரிபார்த்து, பிரேக் கட்டையை மாற்றிவிடுவது நல்லது.